போகுமிடமெல்லாம் வீட்டுப் பெயர் சொல்லும் ஃபோன்



நீங்கள் காத்தான்குடியிலிருந்து புறப்பட்டு, மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2014ஆம் ஆண்டு அந்தப் பாலம் திறக்கப்படும்வரை, வாவியைக் கடக்க ‘பாதை’ வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்துவிடலாம். உங்கள் வீட்டு வைஃபை அலை வீட்டைச் சுற்றியே நின்றுவிட்டது. ஆனால், கைப்பைக்குள் இருக்கும் ஃபோன் அதை மறக்கவில்லை. பாலத்திலும் சந்தையிலும் பஸ் தரிப்பிடத்திலும், “இன்ன பெயருள்ள வைஃபை இங்கே இருக்கிறதா?” என்று அது கேட்டுக்கொண்டே வரக்கூடும்.

இது எப்படி நடக்கிறது?

ரவுட்டர் தன் பெயரை அறிவிப்பதைக் கேட்டு ஃபோன் இணைவது ஒரு முறை. ஃபோன் தானாகவே கேள்வி கேட்டுத் தேடுவது இன்னொரு முறை. இந்தக் கேள்விக்குப் பூட்டு இல்லை. பக்கத்தில் ஒரு மடிக்கணினியோடு இருப்பவர் அதை அப்படியே பதிவு செய்யலாம்.

2021 நவம்பரில் ஹம்பேர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஜேர்மன் நகரமொன்றின் கடைத்தெருவில் மூன்று மணிநேரம் இதைச் செய்து பார்த்தார்கள். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் சிக்கின. அவற்றில் கால்வாசி அளவில் வைஃபை பெயர்கள் இருந்தன. கடைகள், விடுதிகள், ஆட்களின் பெயர்கள் மட்டுமல்ல, பாஸ்வேர்ட் போலத் தோன்றும் நீண்ட எண்களும் இருந்தன! பெயர் எழுத வேண்டிய இடத்தில் சிலர் தவறுதலாக பாஸ்வேர்டை எழுதிவிட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

பெயரில் என்ன இருக்கிறது?

ஒரு பெயர் தனியே ஒன்றும் சொல்லாது. ஆனால் ஒரு கிளினிக், ஒரு விடுதி, தாய்வீடு, பிள்ளையின் டியூஷன் வகுப்பு என்று நாலு பெயர் சேர்ந்தால், ஒரு பெண்ணின் போக்குவரத்தே தெரிந்துவிடும். அச்சுறுத்தலுக்குப் பயந்து உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் சகோதரிக்கு இது சிறிய விஷயமா? உலகெங்கும் உள்ள ரவுட்டர் பெயர்களை வரைபடத்தில் குறித்துவைக்கும் இணையதளங்களும் உண்டு. வேறெங்கும் இல்லாத பெயரென்றால் தெருவரை வழிகாட்டிவிடும்.

இன்னொரு ஆபத்து: பாஸ்வேர்ட் இல்லாத பொது வைஃபையில் நீங்கள் முன்பு இணைந்திருந்தால், அதே பெயரில் ஒருவர் போலி வைஃபை உண்டாக்கலாம். ஃபோன் ஏமாந்து தானாகவே அதில் இணைந்துவிடும்.

மறைத்தால் பாதுகாப்பா?

புதிய ஃபோன்கள் பெரும்பாலும் பெயர் சொல்லாமலே தேடுகின்றன. ஃபோனின் அடையாள எண்ணை மாற்றி மாற்றிக் காட்டும் வழக்கத்தை ஐஃபோன் 2014இல் கொண்டுவந்தது; அண்ட்ரொய்ட் ஃபோன்களும் பின்னர் அதைக் கொண்டுவந்தன. ஆனால் ரவுட்டரின் பெயரை மறைத்து வைத்தால், புதிய ஃபோனும் பெயர் சொல்லித்தான் தேட வேண்டும். வீட்டில் ரவுட்டர் வாய்மூடினால், தெருவெல்லாம் ஃபோன் வாய்திறக்கிறது!

செய்ய வேண்டியவை

1. செட்டிங்ஸில், சேமித்த வைஃபை பட்டியலைத் திறந்து, தேவையற்ற பெயர்களை நீக்குங்கள். பாஸ்வேர்ட் இல்லாதவற்றை முதலில் நீக்குங்கள்.

2. ரவுட்டரின் பெயரை மறைக்காதீர்கள். குடும்பப் பெயரோ வீட்டு இலக்கமோ இல்லாத சாதாரண பெயர் வையுங்கள். பாஸ்வேர்ட் பலமானதாக இருக்கட்டும்.

3. வெளியே போகும்போது வைஃபையை நிறுத்துங்கள். ஐஃபோனில் செட்டிங்ஸுக்குள் சென்றே நிறுத்த வேண்டும்.

4. பழைய ஃபோனை விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ முன், அதிலுள்ள அனைத்தையும் அழியுங்கள். கட்டாரிலிருந்து வீட்டுக்காரர் அனுப்பிய ஃபோனும், அவர் தங்கிய இடங்களின் பெயர்களைச் சுமந்து வந்திருக்கலாம்.

பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதை சூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. துருவுபவருக்கு நாமே வாசலைத் திறந்துவைக்காதிருப்பதும் நம் கடமையல்லவா? இன்றிரவு இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி, அந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். உம்மாவின் ஃபோனையும் மறந்துவிடாதீர்கள்.