மக்காச்சோளத்திற்கு முன் பயறு விதையுங்கள்

ஒரே ஊர், ஒரே ரகம், ஒரே அளவு உரம். ஆனாலும் ஒரு வயலில் மக்காச்சோளம் கரும்பச்சையாக நிற்கும். பக்கத்து வயலில் வெளிறி நிற்கும். விதையைக் குறை சொல்வதற்கு முன், அந்த நிலத்தில் முன்பு என்ன பயிர் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

மக்காச்சோளம் வெயிலைக் கொண்டு வேகமாக மாவுச்சத்து தயாரிக்கும் பயிர். இந்த ஒளிச்சேர்க்கை இலையின் பச்சையத்தால் நடக்கிறது. பச்சையம் உண்டாகத் தழைச்சத்து வேண்டும். அது குறைந்தால் அடி இலைகள் நுனியிலிருந்து நடுநரம்பை ஒட்டி மஞ்சளாகிக் காயும். கதிர் சிறுத்து, நுனியில் மணி பிடிக்காது.

சோளம், கம்பு அறுத்த நிலத்தில் கட்டையும் வேரும் மட்க நாளாகும். மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால், இளம்பயிர் முதல் சில வாரங்கள் பட்டினி கிடக்கும். சோளத்தைத் தாக்கும் அடிச்சாம்பல் நோயின் வித்துகள் மண்ணில் தங்கி மக்காச்சோளத்தையும் தாக்கும். 2018 முதல் நம் மாநிலத்தில் தொல்லை தரும் படைப்புழுவும் இரு பயிர்களையும் தின்னும்.

உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு ஆகியவை வேர் முடிச்சுகளில் காற்றின் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. உதிர்ந்த இலையும் வேரும் விரைவில் மட்கி அடுத்த பயிருக்கு உதவும்.

இறவையில் மாசி, பங்குனியில் உளுந்து அல்லது பாசிப்பயறு விதைத்தால் 65 முதல் 75 நாளில் அறுவடையாகும். ஆடிப்பட்டத்திற்கு நிலம் கிடைக்கும். விதையை ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் கலந்து நேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி விதைக்கவும். அறுவடையில் செடியைப் பிடுங்காமல் அரிவாளால் அறுத்து, வேரை மண்ணிலேயே விடவும். கொடியை மடக்கி உழுவது நல்லது. மாட்டிற்குத் தேவையானால், அந்தச் சாணத்தை எருவாக்கி அதே நிலத்தில் இடுங்கள்.

பயறு விதைத்ததால் உரமே வேண்டாம் என்று எண்ணக்கூடாது. இறவை வீரிய ஒட்டு மக்காச்சோளத்திற்குப் பொதுப் பரிந்துரை ஏக்கருக்குத் தழை 100, மணி 30, சாம்பல் சத்து 30 கிலோ. தழைச்சத்தில் கால் பங்கை அடியுரமாகவும், பாதியை 25-ஆம் நாளிலும், மீதியை 45-ஆம் நாளிலும் இட வேண்டும். மண் பரிசோதனை செய்து பார்த்த பிறகே அளவைக் குறைக்கலாம்.

சோளத்திற்குப் பின் மக்காச்சோளம்தான் என்றால், விதைப்பதற்கு ஒரு மாதம் முன்பே கட்டைகளை உழுது தொழு எரு இடுங்கள். அடியுரத் தழைச்சத்தைத் தவறவிடாதீர்கள். மானாவாரியில் ஒரு போகமே சாத்தியமானால், ஓர் ஆண்டு மக்காச்சோளம், மறு ஆண்டு பயறு என்று மாற்றி விதைப்பதே நிலத்திற்கும் நல்லது, உரச் செலவிற்கும் நல்லது.