ஆவணம் இல்லாத வண்டிக்கு ஜாமீன்

ஃபோர்டு கம்பெனி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி கார்களைச் செய்து தள்ளியது. பார்வைக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல என்ஜினில் குத்திய எண்தான் துணை. திருடன் அதை அரத்தால் ராவிவிட்டு வேறு எண்ணைக் குத்தினால் தீர்ந்தது. என்ஜின் கெட்டுப்போய் வேறு என்ஜின் பொருத்தினாலோ, திருட்டே நடக்காமல் காரின் அடையாளம் மாறிவிடும். வாங்கியவர் கையில் மிஞ்சுவது விற்றவர் எழுதிக்கொடுத்த விற்பனைச் சீட்டு. அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

அன்றைய அமெரிக்கச் சிற்றூர்களில் இது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. இன்னார் கார் இது என்று ஊருக்கே தெரியும். ஆனால் கார் ஊரைத் தாண்டிப் போகிற பொருளாயிற்றே! மிசௌரியில் திருடிய காரை இல்லினாய்ஸில் விற்றால், மிசௌரி போலீஸ் எல்லையோடு நின்றுவிட வேண்டும். மிசௌரிக்காரரான லியோனிடஸ் டையர் கொண்டுவந்த மசோதா 1919-இல் சட்டமானது. திருட்டு வண்டியை மாநில எல்லை தாண்டி ஓட்டிப்போவது அதன்பின் மத்தியக் குற்றம். 5 ஆண்டு வரை சிறை. திருடனைப் பிடிக்க இது உதவியது. வாங்குகிறவருக்கு எந்த உத்தரவாதத்தையும் தரவில்லை.

அதைத் தந்தது டைட்டில். நம் ஊரில் ஆர்.சி. ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். அமெரிக்காவில் சாலையில் ஓட்டுவதற்கான பதிவு வேறு, வண்டி யாருடையது என்று சொல்லும் டைட்டில் வேறு. டைட்டிலை வண்டியில் வைத்திருக்க மாட்டார்கள். வீட்டுப் பத்திரம் மாதிரி பத்திரமாக இருக்கும். கடன் நிலுவையில் இருந்தால் பல மாநிலங்களில் அது கடன் கொடுத்தவர் பிடியில் இருக்கும். இதற்கான சட்டங்களை மாநிலங்கள் ஒவ்வொன்றும் தன் வசதிப்படி இயற்றின. டெக்சஸ் 1939-இல் கொண்டுவந்தது. நியூயார்க் 1973 மாடலிலிருந்துதான் டைட்டில் கொடுக்கிறது. அங்கே 1972-க்கும் அதற்கு முந்தைய மாடல்களுக்கும் இன்றுவரை பதிவுச் சீட்டுதான் ஆதாரம்.

காகிதமே சொத்துக்குச் சாட்சி என்று ஆனபின், காகிதம் தொலைந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். தாத்தா செத்துப் பல வருஷம் கழித்துக் கொட்டகையில் பிக்கப் லாரி கிடைக்கிறது. டைட்டில் எங்கே என்று யாருக்கும் தெரியாது. இன்னொருவர் கையில் டைட்டில் இருக்கிறது, ஆனால் அதில் கையெழுத்துப் போட்டவர் மூன்று கை மாறுவதற்கு முன்பிருந்த சொந்தக்காரர். நடுவில் வாங்கி விற்றவர்கள் வரிக்குப் பயந்தோ சோம்பலிலோ தங்கள் பெயருக்கு மாற்றாமலே தள்ளிவிட்டார்கள். நம் ஊர் கன்சல்டிங் கடைகளில் தேதி போடாத 29, 30-ஆம் நம்பர் படிவங்களில் கையெழுத்து வாங்கி வைப்பார்களே, ஏறத்தாழ அதே சங்கதி.

இவர்களுக்கான வழியை 1955-இல் வெளிவந்த மாதிரிச் சட்டம் ஒன்று எழுதிக் காட்டியது. எல்லா மாநிலங்களும் ஒரேபோலப் பின்பற்றட்டும் என்று தயாரித்த சட்டம் அது. உரிமையில் சந்தேகம் இருந்தால் வண்டி மதிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு ஜாமீன் பத்திரம் கொடு, மூன்று ஆண்டு பொறு என்றது அது. இன்று பல மாநிலச் சட்டங்களில் இருப்பது இந்த ஏற்பாடுதான். ஒரு காலத்தில் ஜாமீன் என்றால் நாலு பேருக்குத் தெரிந்த மனிதர் வந்து கையெழுத்துப் போடுவது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அந்த வேலையைக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. அதனால் வண்டிக்கு ஜாமீன் போகிற கம்பெனிக்கு உங்கள் தாத்தாவையும் தெரியாது, கொட்டகையையும் தெரியாது.

டெக்சஸில் நடக்கிற முறையைப் பார்ப்போம். முதலில் வாகனத் துறையின் வட்டார அலுவலகத்துக்குப் போக வேண்டும். வண்டி எப்படிக் கைக்கு வந்தது என்று எழுதிக் கையெழுத்திட்ட படிவம், கையிலுள்ள ரசீதுகள், 15 டாலர் கட்டணம். அந்த மாநிலக் கணினியில் வண்டியைப் பற்றி எதுவுமே இல்லையென்றால், போலீஸின் வாகனத் திருட்டுப் பிரிவு அதிகாரி நேரில் வந்து எண்ணைப் பார்த்துச் சான்று தர வேண்டும். எல்லாம் சரியென்றால் துறை ஒரு கடிதம் தரும். ஜாமீன் தொகை அதில் இருக்கும். வண்டி மதிப்பு 6,000 டாலர் என்றால் 9,000 டாலருக்குப் பத்திரம். அதற்காக 9,000 டாலரைக் கொண்டுபோய்க் கட்ட வேண்டியதில்லை. இந்த மாதிரிச் சிறிய பத்திரங்களுக்குக் கம்பெனி வாங்குவது பெரும்பாலும் 100 டாலரை ஒட்டிய தொகைதான். பத்திரம் வாங்கிய 30 நாளுக்குள் கவுன்டி வரி அலுவலகத்தில் விண்ணப்பித்தால் டைட்டில் கிடைக்கும், இது ஜாமீனில் கொடுத்தது என்ற குறிப்போடு.

100 டாலருக்கு 9,000 டாலர் பொறுப்பை ஒரு கம்பெனி ஏற்கிறது என்றால், உண்மையான சொந்தக்காரர் வந்து நிற்பது அபூர்வம் என்று அதற்குத் தெரியும். தவிர, இது இன்ஷூரன்ஸும் இல்லை. இன்ஷூரன்ஸ் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். பழைய சொந்தக்காரரோ, கடன் கொடுத்தவரோ, உங்களிடமிருந்து வாங்கியவரோ நஷ்டப்பட்டால் கம்பெனி அவருக்குக் கொடுக்கும். கொடுத்ததை உங்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளும். அரசும் இங்கே வண்டி உன்னுடையதுதான் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. மூன்று ஆண்டில் யாரும் கேட்டு வரவில்லையென்றால் விவகாரம் முடிந்தது என்கிறது, அவ்வளவே. ஊர் சாட்சி சொன்ன இடத்தில் இப்போது ஒரு தொகையும் ஒரு கெடுவும் இருக்கின்றன. எனக்கு இது யோக்கியமான ஏற்பாடாகவே படுகிறது. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாத அரசு ஏற்பாடுகள் எத்தனை இருக்கின்றன?

ஜாமீன், காத்திருப்பு எதுவும் வேண்டாம் என்றவர்களுக்கு நெடுநாள் கைகொடுத்தது வெர்மான்ட். 15 ஆண்டுக்கு மேல் பழைய வண்டிக்கு அந்தச் சின்ன மாநிலம் டைட்டில் கேட்காது, பதிவு போதும். பதிவு செய்ய அங்கே குடியிருக்கவும் அப்போது தேவையில்லை. டெக்சஸிலோ கலிஃபோர்னியாவிலோ உட்கார்ந்தபடி விற்பனைச் சீட்டையும் கட்டணத்தையும் தபாலில் அனுப்பினால், நம்பர் பிளேட்டும் பதிவுச் சீட்டும் வீடு தேடி வரும். அதை உள்ளூர் அலுவலகத்தில் நீட்டி, “வெர்மான்ட் வண்டி இது, அங்கே இதற்கு டைட்டில் கிடையாது” என்றால் புது டைட்டில் கையில். வெர்மான்ட் பனியைக் கண்ணால் பார்க்காத எத்தனையோ வண்டிகளுக்கு அந்த ஊர் பிளேட்! பழைய கார்களைச் செப்பனிடுகிறவர்களிடையே இது ஊரறிந்த ரகசியம். 2023-இல் வெளிமாநிலத்தவருக்கு இந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தப் பக்கம் போனவர்களில் பலருக்கு இப்போது ஜாமீன் பத்திரம்தான் கதி.

எண்ணை ராவுகிற வித்தை இன்று அவ்வளவு சுலபம் இல்லை. 1969 முதல் முன்கண்ணாடி வழியே வெளியிலிருந்து படிக்கும்படி வண்டி எண் இருக்க வேண்டும் என்று ஆனது. 1981 மாடல் முதல் அது 17 எழுத்தும் எண்ணுமாக ஒரே அமைப்புக்கு வந்தது. 1, 0 ஆகிய எண்களோடு குழம்பக் கூடாது என்று ஐ, ஓ, கியூ எழுத்துகளை விலக்கினார்கள். ஒன்பதாவது இடத்தில் இருப்பது மற்றவற்றைக் கணக்கிட்டுச் சரிபார்க்கிற குறி. மனம்போன போக்கில் எழுதிய எண் அங்கேயே மாட்டிக்கொள்ளும். மாநிலங்களின் டைட்டில் பதிவுகளை இணைக்கும் தேசியத் தொகுப்புக்கு 1992-இல் சட்டம் போட்டு, 2009-இல் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். வெள்ளத்தில் முங்கிய காரைப் பக்கத்து மாநிலத்துக்குக் கொண்டுபோய், அந்தக் குறிப்பு இல்லாத டைட்டில் வாங்கி விற்கும் தந்திரம் இதனால் ஒழியாவிட்டாலும் கடினமாகியிருக்கிறது.

ஆனால் கணினி புதுத் தலைவலியும் கொண்டுவந்தது. பல மாநிலங்களில் கடன் இருக்கும்வரை டைட்டில் காகிதமாக அச்சாவதே இல்லை. பதிவாக மட்டும் இருக்கும். கடன் முடிந்தபின் கொடுத்தவர் விடுவித்தால்தான் காகிதம் வரும். கொடுத்தவரே இல்லாமல் போனால்? மூழ்கிப்போன வங்கி என்றால் வைப்புத்தொகை காப்பீட்டுக் கழகம் பழைய ஏடுகளைப் பார்த்து விடுதலைச் சீட்டு தரும். கார் விற்ற கடைக்காரரே வாரத் தவணையில் கடனும் கொடுத்து, ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டுப் போனால் அப்படித் தேடிப்போக யாரும் இல்லை. கடைசித் தவணை ரசீது வரை வைத்திருக்கிறவருக்கும் ஜாமீன் பத்திரம் உதவாது. பதிவிலுள்ள கடனுக்கு விடுதலைச் சீட்டு இல்லையென்றால், அது பத்து ஆண்டாவது பழையதாக இருந்தால்தான் டெக்சஸ் விண்ணப்பத்தை ஏற்கும். அதுவரை அவர் காத்திருக்கலாம், அல்லது கோர்ட்டுக்குப் போகலாம்.