கால் டாலருக்கு ஒரு ஆட்டம்

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், 2004-ல் நான்கு நண்பர்கள் சேர்ந்து 'பார்கேட்' என்ற மதுக்கூடத்தைத் திறந்தார்கள். சுவரோரம் வரிசையாகப் பழைய வீடியோ கேம் இயந்திரங்கள். 1980-ல் வந்த பேக்மேன், 1981-ல் வந்த டாங்கி காங் எல்லாம் இந்த ரகம்தான். ஆட்டத்துக்கு 25 சென்ட்.

மதுக்கூடமும் வீடியோ கேமும் பழைய கூட்டாளிகள். 1972-ல் அடாரி நிறுவனம் தன் 'பாங்' விளையாட்டை முதலில் வைத்துப் பார்த்ததே கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கடையில்தான். கொஞ்ச நாளில் இயந்திரம் மக்கர் செய்தது. பொறியாளர் அல் அல்கார்ன் திறந்து பார்த்தால், உள்ளே காசு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது!

அலுவலகக் குழுக்களும் பழைய நண்பர் கூட்டங்களும் இப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் போவதில் வியப்பில்லை. புது ஆளிடம் என்ன பேசுவது என்று தவிக்க வேண்டாம். ஒருவர் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தால், பின்னால் நிற்கும் நாலு பேரும் வழி சொல்லிக் கத்துவார்கள். தெரியாதவர் இரண்டே நிமிடத்தில் அவுட். அடுத்தவர் முறை வந்துவிடும். மேலாளர் முதல் சுற்றிலேயே தோற்பதைப் பார்ப்பது தனி சுகம்.

போகிறவர்கள் அடையாள அட்டையை மறக்க வேண்டாம். அமெரிக்காவில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.