ஆற்றில் தலைநகர், மலையில் மகுடம்

மேல்கோட்டைக்கு வருகிறவர்கள் கல்யாணிக் குளத்தைப் பார்ப்பார்கள், யோக நரசிம்மர் மலை ஏறி இறங்குவார்கள், புளியோதரை வாங்கிக்கொண்டு மைசூருக்குப் பஸ் பிடித்துவிடுவார்கள். நீங்கள் டீயை நிதானமாகக் குடியுங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கதை தெரியாமல் இந்த ஊர் முழுசாகப் பிடிபடாது.

காவிரி இரண்டாகப் பிரிந்து மறுபடி கூடும் தீவு அது. சுற்றிலும் தண்ணீர், உள்ளே கோட்டை. 1610-ல் விஜயநகரப் பிரதிநிதியிடமிருந்து மைசூர் மன்னர் ராஜ உடையார் அதைத் தன்வசமாக்கித் தலைநகராக்கினார். தசராவும் அந்த ஆண்டே அங்கே தொடங்கியது. அவர் ராஜமுடி என்ற கிரீடம் செய்து சாத்தியதோ, இங்கே மலைமேல் இருக்கும் உற்சவப் பெருமாள் செல்வப்பிள்ளைக்கு. கோயிலுக்குள் நவரங்க மண்டபத் தூண்களில் ராஜ உடையாரைத் தேடிப் பாருங்கள். ஒன்றரை அடி உயரம்தான் இருப்பார். கைகூப்பி நிற்கிறார், காலடியில் பெயர் வெட்டியிருக்கிறது. நாடு பிடித்த ராஜா இத்தனை அடக்கமாக நிற்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பணமும் படையும் தீவில்தான் குவிந்தன. மைசூரை ஆண்ட ஹைதர், அவர் மகன் திப்பு காலம் அதன் உச்சம். 1784-ல் திப்பு கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் புள்ளலூர்ப் போரை வரைந்திருக்கிறார்கள். 1780-ல் நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நடந்த சண்டை அது. தோற்ற ஆங்கிலத் தளபதி பெய்லி பல்லக்கில் இருக்கிறார். நாலாபுறமும் மைசூர்க் குதிரைகள்.

1799 மே 4-ல் திப்பு களத்தில் விழுந்தார். தலைநகர் மைசூருக்குப் போனது. தீவில் தங்கிய ஆங்கிலப் படையைக் காய்ச்சல் வாட்டியெடுக்க, அதுவும் பெங்களூருக்குப் பெயர்ந்தது. அரண்மனையை அண்டிப் பிழைத்தவர்கள் அப்புறம் அங்கே எதற்கு இருப்பார்கள்? இன்று ரங்கநாதரும், கோட்டை பார்க்க வருகிறவர்களும், சுற்றுவட்டாரத்துக் கரும்பும் நெல்லும்தான் அந்த ஊருக்குச் சோறு போடுகிறார்கள்.

மேல்கோட்டையும் அடிபட்ட ஊர்தான். 1771-ல் மராத்தியர் சூறையாடினார்கள். ஆனால் ராமானுஜர் வந்து தங்கிய காலம் தொட்டு இங்கே பிழைப்பு பெருமாளைச் சுற்றியே இருந்தது. அரசு மாறினாலும் உற்சவம் நிற்கவில்லை. மடைப்பள்ளி அடுப்பும் அணையவில்லை.

பங்குனியில், செல்வப்பிள்ளைக்கு வைரக் கிரீடம் சாத்தும் வைரமுடி சேவைக்கு வாருங்கள். வைரமுடியும் ராஜமுடியும் மண்டியா கருவூலத்திலிருந்து போலீஸ் காவலோடு வரும். வழிநெடுகக் கிராமத்து ஜனங்கள் நிறுத்திப் பூஜை செய்வார்கள். அதற்கு முன், இப்போதே ஸ்ரீரங்கப்பட்டணம் போவதானால் பாண்டவபுரம் வழியாகப் போங்கள். தொண்டனூர் ஏரியையும் பார்த்துவிடலாம். ராமானுஜர் அங்கேயும் தங்கியிருக்கிறார்.