கறுப்பு வெள்ளை நகரம்: மனிதரை எங்கே நிறுத்துவது?

1838-ல் பாரிஸ் நகரத்தின் புல்வார் து தாம்ப்ல் என்ற தெருவை லூயி தாகேர் உயரமான ஒரு சன்னலிலிருந்து படம் பிடித்தார். வண்டிகளும் ஆட்களும் ஓயாமல் போய்வந்த தெரு அது. படத்திலோ வெறிச்சோடிக் கிடக்கிறது. வெள்ளி பூசிய தகட்டில் காட்சி பதியச் சில நிமிடங்கள் பிடித்ததால் நகர்ந்தவர்கள் யாரும் பதியவில்லை. கூரைகளும் புகைபோக்கிகளும் துல்லியமாக விழுந்திருக்க, காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள அசையாமல் நின்ற ஒருவர் ஓரமாகச் சிக்கினார். ஒளிப்படத்தில் அகப்பட்ட முதல் மனிதர் அவர்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். இன்றைய கேமராவுக்கு ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு போதும். தெருவில் போகிற அத்தனை பேரும் பதிந்துவிடுவார்கள். ஆனாலும் கறுப்பு வெள்ளை நகரப் படங்களில் மனிதர்கள் காணாமல் போவது நிற்கவில்லை. இப்போது அவர்களை விழுங்குவது சாம்பல் நிறம். சட்டையும் சுவரும் ஒரே சாயலில் கலந்துவிட்டால், எதிரே நிற்கிற ஆளும் படத்தில் இல்லாதவர்தான். ஆகவே கட்டடத்தையும் மனிதரையும் ஒரே சட்டகத்தில் சேர்ப்பவர் முதலில் அடுக்க வேண்டியது வெளிச்சத்தை. பொருள்களின் இடமும் கோடுகளின் போக்கும் அதற்குப் பின்புதான்.

இதற்கு அடிப்படை நம் கண்ணிலேயே இருக்கிறது. எல்லா நிறங்களும் நமக்கு ஒரே அளவு பிரகாசமாகத் தெரிவதில்லை. பச்சைதான் கண்ணை அதிகம் எட்டும், அடுத்தது சிவப்பு, கடைசியில் நீலம். வண்ணப் படத்தைச் சாம்பலாக மாற்ற நெடுநாளாகப் புழங்கிவரும் கணக்கு இதைத்தான் பின்பற்றுகிறது: பச்சைக்கு 59 விழுக்காடு, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11. அடர்பச்சைச் சுவருக்கு முன்னால் சிவப்புப் புடவையில் ஒரு பெண் நடந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேரில் அதைவிடப் பளிச்சென்ற காட்சி இருக்காது. கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பலாகிவிடலாம். புடவை சுவரில் கரைந்து முகமும் கைகளும் மட்டும் மிதக்கும். லென்ஸுக்கு முன்னால் சிவப்பு பில்டரைப் போட்டால் புடவை வெளுத்துச் சுவர் கறுக்கும். பச்சை பில்டர் போட்டால் நேர்மாறு. பழைய பிலிம்களுக்குச் சிவப்பு தெரியவே தெரியாது, அது கறுப்பாகவே விழும். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாடிக் பிலிம் பரவலான பிறகுதான் இந்தத் தேர்வு ஒளிப்படக்காரர் கைக்கு வந்தது. இன்று கணினியில் ஒவ்வொரு நிறத்தின் பிரகாசத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி அதே வேலையைச் செய்கிறது.

இந்த அறிவு கலையாகும் விதத்தைப் பார்க்கச் சிறந்த படம், பால் ஸ்டிராண்ட் 1915-ல் நியூயார்க்கில் எடுத்த 'வால் ஸ்ட்ரீட்'. அதில் இருப்பது ஜே.பி. மார்கன் வங்கிக்காக அப்போதுதான் கட்டி முடித்திருந்த கட்டடம். ஸ்டிராண்ட் அதை முழுதாகக் காட்டவில்லை. கூரை இல்லை, வாசல் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. மங்கலான கல்சுவரில் ஆள் உயரத்தைப் பலமடங்கு மிஞ்சும் செவ்வகப் பள்ளங்கள் வரிசையாக நிற்கின்றன, உள்ளே கும்மிருட்டு. கீழே ஒரு சிறிய பட்டையில் காலை வெயில் விழ, வேலைக்குப் போகிறவர்கள் சிறிய கரிய உருவங்களாக நீண்ட நிழலோடு நடக்கிறார்கள். ஒரு முகமும் அடையாளம் தெரியாது. ஆனாலும் ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல் தனித்தனியே தெரிகிறார்கள், ஏனென்றால் வெயில் பட்ட நடைபாதை ஒவ்வொரு உருவத்துக்கும் வெளிச்சமான பின்னணியாக அமைந்திருக்கிறது. அந்த மனிதர்களை எடுத்துவிட்டால் சுவர் எவ்வளவு பெரிது என்று நமக்குத் தெரியாது. சுவரை எடுத்துவிட்டால் அவர்கள் எவ்வளவு சிறியவர்களாக்கப்பட்டார்கள் என்று தெரியாது. ஒன்றுக்கு ஒன்று அளவுகோல்.

காட்சி அமைப்பு என்றால் சட்டகத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் 'மூன்றில் ஒரு பங்கு' விதியும் கண்ணை இழுத்துச் செல்லும் கோடுகளும்தானே, பயிற்சிப் புத்தகங்கள் அப்படித்தானே தொடங்குகின்றன என்று சிலர் கேட்கலாம். ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1932-ல் பிரான்ஸின் இயேர் நகரில் எடுத்த படத்தைச் சான்றாகவும் காட்டலாம்: மேலிருந்து பார்த்தால் சுழன்று இறங்கும் படிக்கட்டு, அதன் கைப்பிடிக் கம்பிகள், வளைந்து போகும் தெரு, அதில் விரையும் சைக்கிள்காரர். கோடுகளால் ஆன படம்தான், மறுக்க முடியாது. ஆனால் சைக்கிள்காரர் வேகத்தில் கலங்கலாகப் பதிந்தும் நம் கண்ணுக்குத் தப்பாததற்குக் காரணம், அவர் கறுப்பாகவும் அவருக்குப் பின்னால் உள்ள தெரு வெளுப்பாகவும் இருப்பதே. தெருவும் கறுத்திருந்தால் அத்தனை கோடுகளும் சேர்ந்து நம்மை வெறுமைக்குத்தான் கூட்டிப்போயிருக்கும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நகரம் வண்ணமயமானது, வண்ணத்தைக் கழித்து நிழலைக் கூட்டிக் காட்டுவது ஒப்பனை வேலை இல்லையா? ஹாங்காங்கில் ரோலிஃபிளெக்ஸ் கேமராவோடு தெருத்தெருவாக அலைந்த ஃபான் ஹோவின் புகழ்பெற்ற 1954-ஆம் ஆண்டுப் படமே இந்தக் கேள்விக்கு இடம் தருகிறது. வெள்ளைச் சுவர், அதன் அடியில் தனியாக ஒரு பெண், அவரை நோக்கிக் குறுக்கே இறங்கும் கரிய முக்கோண நிழல். நிற்பவர் ஹோவின் உறவுப்பெண். அவரை அங்கே நிற்கச் சொன்னதும் ஹோதான். நிழலை இருட்டறையில் சேர்த்ததும் அவர்தான். செய்திப் படமாக இருந்தால் இது மோசடி. ஹோ அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. செய்திப் படத்துக்கு உள்ள நெறி வேறு, கருத்தைச் சொல்லும் படத்துக்கு உள்ள உரிமை வேறு. எது எந்த வகை என்பதை மறைப்பதுதான் பொய். வண்ணத்தைப் பொறுத்தவரை, விளம்பரப் பலகையின் சிவப்பு மூலையில் இருந்தாலும் கண்ணைப் பறித்துவிடும். அது சாம்பலானால் சுவரின் சொரசொரப்பும் நடப்பவரின் கூன்முதுகும் கவனத்துக்கு வருகின்றன. ஒன்றை இழந்து ஒன்றைப் பெறுகிறோம். ஆனால் பூக்கடை வரிசையையோ கோலப்பொடி விற்பவரையோ எடுக்கும்போது இழப்பே அதிகம். அங்கே வண்ணம்தான் செய்தி.

செய்முறைக்கு இரண்டு எச்சரிக்கைகள். கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். சென்னை ரிப்பன் மாளிகை போன்ற வெள்ளைக் கட்டடம் சட்டகத்தை நிறைத்தால் படம் அழுக்கு வெள்ளையாக வரும்; ஒளியை ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். இரண்டாவது, கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் மேலே போகப்போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். பின்னால் தள்ளி நின்றோ எதிர்மாடியில் ஏறியோ கேமராவை மட்டமாகப் பிடித்தால் தூண்கள் நேராக நிற்கும்.

செலவில்லாத பயிற்சி ஒன்றும் இருக்கிறது. உங்கள் கைப்பேசியின் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிக்கொண்டு, காலை எட்டு மணி வெயிலில் உங்கள் ஊர் ரயில் நிலையத்தின் எதிர்ப்புறம் நில்லுங்கள். வெயிலும் நிழலும் பிரியும் எல்லையை முதலில் சட்டகத்துக்குள் கொண்டுவாருங்கள். அதை ஒருவர் கடக்கும்வரை பொறுத்திருந்து, அதன்பின் பொத்தானை அழுத்துங்கள்.