ஒரு நாளைக்கு ஒரு படம்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வந்த ஒரு சகோதரி, படுக்கையில் இருக்கும் மாமியை மூன்று ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறார். "மாமி உறங்குனதும் ஃபோனை எடுப்பேன். வைக்கும்போது மணி ரெண்டாயிடும். மனசு முன்னைவிட பாரமாத்தான் இருக்கும்" என்றார். நம் வீடுகள் பலவற்றிலும் இதே கதைதான். அதே ஃபோனில் தினமும் ஒரே ஒரு படம் எடுங்கள், எங்கும் பதிவிட வேண்டாம் என்று அவரிடம் சொன்னோம்.

படமெடுக்க நின்றால் கண் ஓரிடத்தில் நிலைக்கும். முற்றத்துச் சுவரில் வெயில் எங்கே விழுகிறது, கொடியில் காயும் துப்பட்டியின் நிழல் எப்படி அசைகிறது என்று பார்க்கும் அந்த இரண்டு நிமிடம் கவலை சற்று விலகி நிற்கிறது. ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் கவனித்துப் பார்க்கத் தூண்டுகிறதே அல்காஷியா அத்தியாயம்! கேமராவோடு நமக்குப் பழைய உறவும் உண்டு. 965ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், சிறு துளை வழியே இருட்டறைக்குள் புகும் ஒளியை ஆராய்ந்தவர். ஒளியியலை ஏழு பாகங்களில் எழுதியவர்.

படத்துக்கு உயிரே வெளிச்சம்தான். சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரமும், மஃரிபுக்கு முந்தைய ஒரு மணி நேரமும் வெயில் சாய்ந்து விழும். சாதாரணச் செம்புகூட அழகாகத் தெரியும். லென்ஸை முதலில் துடையுங்கள், சமையல் கையின் எண்ணெய் படிந்திருக்கும். ஜூம் செய்வதைவிட இரண்டடி முன்னே போவது நல்லது. திரையில் பொருளைத் தொட்டால் அது தெளிவாகும். பல ஃபோன்களில் அருகே வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும்.

உயிருள்ளவற்றைப் படமெடுப்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடலும் செடியும் வாசற்படியும் இருக்கவே இருக்கின்றன. ஆனால் பிறரை அனுமதியின்றி எடுப்பதும், மய்யித் வீட்டில் ஃபோனைத் தூக்குவதும் கூடவே கூடாது.

இது மருந்தல்ல. வாரக்கணக்கில் உறக்கம் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். தனியே போகத் தயக்கமென்றால் சொல்லுங்கள், கூட வருகிறோம்.

அந்தச் சகோதரி சென்ற வாரம் வந்து ஒரு படம் காட்டினார். ஜன்னலோரம் மாமியின் மருந்துப் புட்டி. அஸர் வெயில் அதனூடே புகுந்து, தொழுகைப் பாயில் தேன் நிறத்தில் விழுந்திருந்தது. "மாமிகிட்டயும் காட்டினேன். நாளைக்கு எதை எடுக்கப் போறேன்னு கேக்குறாங்க" என்றார்.