வெளுத்துக் காட்டும் அமிலம்

பிறப்புறுப்பில் தோன்றும் மருவுக்கும், பெண்களின் உயிரைக் குடிக்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் உறவு இருக்கலாம் என்று ஹரால்ட் சூர் ஹௌசன் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி 1970-களில் சொன்னபோது, ஹெர்பிஸ் என்ற வேறொரு வைரஸே அந்நோய்க்குக் காரணம் என்னும் அபிப்பிராயத்தில் ஊறியிருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நோயுற்ற சதையில் ஹெர்பிஸின் சுவடே இல்லை என்பதைத் தம் சோதனைகளில் கண்டிருந்த அவரோ, மருவை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் இனத்தையே விடாமல் துருவிச் சென்று, 1983-இல் அதன் 16-ஆம் வகையையும், மறு ஆண்டில் 18-ஆம் வகையையும் புற்றுத் திசுக்களில் அடையாளம் காட்டினார். இந்நோய் கண்ட பத்துப் பேரில் ஏழு பேருக்கு இவ்விரண்டு வகைகளே காரணம். 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் உடலின் உயிரணு ஒன்று பழுதுபட்டால், அது மேலும் பிளந்து பெருகாதபடி தடுத்து நிறுத்தும் புரதங்கள் அதற்குள்ளேயே உண்டு. இந்த வைரஸ் தன் இரண்டு ஜீன்களைக் கொண்டு அந்தக் காவலை அழித்துவிடுகிறது. தடுப்பாரற்ற அணு பெருகத் தொடங்குகிறது. ஆயினும் வைரஸ் தொற்றியவர்கள் எல்லோருக்கும் இக்கதி நேர்வதில்லை. பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதைத் தானே விரட்டிவிடுகிறது. சிலரிடம் மாத்திரமே அது தங்கிவிடுகிறது. அவர்களிடத்தும் அது புற்றாக முதிர்வதற்குச் சாதாரணமாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் பிடிக்கின்றன.

கல்லீரல் புற்றுக்கு வழிவகுக்கும் ஹெப்படைட்டிஸ் சி வைரஸை மூன்று மாத மாத்திரைகளால் ஒழித்துவிடலாம். பி வைரஸை மருந்தால் அடக்கிவைக்கலாம். பாப்பிலோமாவை விரட்டவோ அத்தகைய மருந்து இல்லை. 2006 முதல் வழக்கிலுள்ள தடுப்பூசி, வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் உடலுக்குக் காட்டிப் பழக்குவதாகையால், 9 முதல் 14 வயதுச் சிறுமியருக்குச் சிறந்த அரண். ஏற்கெனவே தொற்றிய தாய்மாருக்கு அது சிகிச்சையாகாது. அவர்களுக்குரிய வைத்தியமெல்லாம் தொற்றுக்கும் புற்றுக்கும் நடுவேயுள்ள அந்த நீண்ட இடைவெளியில்தான் இருக்கிறது.

அதை நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்கள் உலகுக்குக் காட்டியதை எண்ணும்போது உள்ளம் நெகிழ்கிறது. 2000-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற நர்சுகள் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பரிசோதித்தார்கள். வினிகரின் புளிப்புக்குக் காரணமான அசெட்டிக் அமிலத்தை நூற்றுக்கு நாலு பங்காக நீரில் கலந்து, அதில் நனைத்த பஞ்சைக் கர்ப்பப்பை வாயில் ஒற்றி, ஒரு நிமிஷம் பொறுத்து விளக்கொளியில் பார்ப்பார்கள். ஆரோக்கியமான சதை இளஞ்சிவப்பாகவே இருக்க, கெடத் தொடங்கிய இடம் சுண்ணாம்பு தடவியது போல் வெளுத்து நிற்கும். அந்த இடத்தில், வாயுவால் கடுங்குளிரூட்டிய உலோக முனை ஒன்றைச் சில நிமிஷங்கள் வைத்து உறையச் செய்தால், கெட்ட அணுக்கள் மடிந்துபோகும். கத்தியில்லை, மயக்க மருந்தில்லை. இதே நோய் முற்றிய பின் அறுவையும் கதிர்வீச்சும் படுத்தும் பாட்டைக் கண்டவர்களுக்கே இதன் அருமை விளங்கும்.

2007-இல் வெளியான முடிவுகளின்படி, பரிசோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் இறந்தவர் தொகை, நடவாத ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்திருந்தது. அழைக்கப்பட்ட 49,311 பேரில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். கூச்சமோ, ஒருநாள் கூலி போய்விடுமே என்ற கவலையோ, நோவு இல்லாதபோது ஆஸ்பத்திரி எதற்கு என்ற எண்ணமோ தடுத்திருக்கக்கூடிய மற்றப் பதினெட்டாயிரம் பேரை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களில் மிக இளையவர்களுக்கும் இப்போது ஐம்பது வயது கடந்திருக்கும்.